காதல் வெறும் கெமிக்கலா, மூன்று மாதத்தில் போய்விடுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் நகரி, வீட்டில் விசைத்தறி. அரக்கோணத்தில் வேலை பார்த்தபோது ரயிலில் பழக்கமான பெண், புத்தூர்க்காரி. இரண்டு வருடம் காதலித்தோம். அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ், சாதியும் வேறு. ஏழு மாதத்துக்கு முன் அவளே "வேண்டாம், விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டாள். "இதெல்லாம் வெறும் கெமிக்கல்டா, மூணு மாசத்துல போயிடும்" என்கிறான் அண்ணன். போகவில்லை. அவள் மருந்து வைத்துவிட்டாள் என்கிறார் அம்மா. வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டுத் தறியில் நிற்கிறேன். பாவு இழை அறுந்ததுகூடத் தெரியாமல் ஒரு முழம் துணி பாழாகிவிட்டது. நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது. மூளையில் என்னதான் நடக்கிறது? அவளால் மட்டும் எப்படி முடிந்தது? மறக்க மாத்திரை இருக்கிறதா? வீட்டில் பெண் பார்க்கிறார்கள், சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்:

தம்பி, உங்கள் அண்ணன் சொன்னதில் கெமிக்கல் என்பது மட்டும் சரி. "வெறும்" என்பதும் "மூணு மாசம்" என்பதும் அவராகச் சேர்த்துக்கொண்டவை. நான் திருத்தணியில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், பள்ளிப்பட்டு என்று எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உங்கள் வயதுப் பையன்கள் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கூட வந்த மாமாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவரும். நீங்கள் நேராகவே கேட்டுவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

முதலில் மூளை. 2005ல் அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரோன், லூசி பிரவுன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலில் தீவிரமாக மூழ்கியிருந்த 17 பேரை மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்து, காதலிப்பவரின் போட்டோவையும் தெரிந்த வேறொருவரின் போட்டோவையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. காதலியின் முகத்தைப் பார்த்த கிறக்கம் அடுத்த போட்டோ வந்த பிறகும் இறங்காது. அதனால் நடுவில் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 8421, 8414, 8407... நீங்களும் செய்து பாருங்கள். கணக்குப் போடுகிற அந்த நேரத்துக்கு யார் முகமும் மனதில் நிற்காது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும்போது கைகொடுக்கும், செலவும் கிடையாது.

அந்த ஸ்கேனில் துலக்கமாகத் தெரிந்தவை இரண்டு இடங்கள். ஒன்று நடுமூளையில் இருக்கும் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி. டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து மூளையின் மற்ற இடங்களுக்கு அனுப்புவது இதுதான். இன்னொன்று அந்த டோபமைன் போய்ச் சேரும் இடங்களில் ஒன்றான காடேட். இரண்டும் ஒரு பலனைத் தேடி ஓடவைக்கும் அமைப்பைச் சேர்ந்தவை. இதை வைத்துத்தான் ஃபிஷர், காதலை கோபம், பயம் மாதிரி ஓர் உணர்ச்சி என்று மட்டும் சொன்னால் போதாது, பசி தாகம் போல ஓர் உந்துதல் என்று சொல்ல வேண்டும் என்று வாதாடினார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பசியோடு இருப்பவனிடம் "அது வெறும் கெமிக்கல்" என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஐந்து வருடம் முன்னால், 2000ல், லண்டனில் ஆண்ட்ரியாஸ் பார்ட்டெல்ஸும் செமிர் ஜெகியும் இதே மாதிரி 17 பேரை ஸ்கேன் செய்திருந்தார்கள். காதலியின் படத்தைப் பார்க்கும்போது அமிக்டலா போன்ற சில பகுதிகளின் வேலை குறைந்ததை அவர்கள் கவனித்தார்கள். அமிக்டலா ஆபத்தைக் கவனிக்கும் இடம். அப்படி அடங்கிய வேறு சில பகுதிகள் அடுத்தவரை எடைபோடுவதோடு சம்பந்தப்பட்டவை. உங்கள் நண்பர்களுக்கெல்லாம் தெரிந்த அவளுடைய குறைகள் உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்பதற்கு இதை ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள். நான் அதை அரைமனதோடுதான் சொல்கிறேன். 17 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. காதல் ஆராய்ச்சி என்று பத்திரிகைகளில் படிக்கிற பலவும் இத்தனை சிறிய கூட்டத்தில் பார்த்தவைதான். ஆனால் டோபமைன் சமாச்சாரம் மட்டும் வேறு வேறு ஊர்களில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அதனால் அதில் கொஞ்சம் தங்கிச் சொல்கிறேன், உங்கள் கஷ்டத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

டோபமைனை "சந்தோஷ ஹார்மோன்" என்று எழுதி எழுதிப் பழக்கிவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் டோபமைன் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோன எலிகளைச் சோதித்தார். நாக்கில் இனிப்பை விட்டால் அவை முன்போலவே ருசித்து நக்கின. ஆனால் கண்ணெதிரே தீனி இருந்தும் எழுந்துபோய்த் தின்னவில்லை; அப்படியே விட்டால் பட்டினியாகக் கிடந்தே செத்துப்போகும். ருசிப்பது ஒரு வேலை, வேண்டும் என்று அலைவது இன்னொரு வேலை. டோபமைன் பார்ப்பது இரண்டாவதை. அப்படியென்றால், அவள் வேண்டும் என்று உங்களுக்குள் எழும் தவிப்பின் அளவை வைத்து, அவளோடு சேர்ந்திருந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பீர்கள் என்று கணக்குப் போட முடியாது. இரண்டும் வேறு வேறு பேரேடு. "இவ்வளவு தவிக்கிறேனே, அப்போ அவள்தானே எனக்கானவள்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தவிப்பு அதற்குச் சாட்சி சொல்லாது.

அடுத்தது வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தது. எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைத்தால் குரங்கின் டோபமைன் செல்கள் துள்ளின. ஜூஸுக்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, ஜூஸுக்கு அவை அசையவில்லை, விளக்குக்கே துள்ளின. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. 2003ல் அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள். ஜூஸ் நிச்சயம் வரும் என்றாலும் நிச்சயம் வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் காத்திருக்கும் நேரம் முழுக்க அவற்றின் துடிப்பு ஏறிக்கொண்டே போனது.

இப்போது உங்கள் போனை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அவள் எண்ணை அழித்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் டிபி மாற்றியிருக்கிறாளா, கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள், ஸ்டேட்டஸில் வைத்த பாட்டு நமக்காகத்தானா என்று பார்ப்பீர்கள். பத்து தடவைக்கு ஒரு தடவை ஏதாவது தென்படும். அந்த ஒரு தடவை மற்ற ஒன்பதையும் உயிரோடு வைத்திருக்கும். அவள் கல்யாணம் முடிந்து துபாய் போய்விட்டாள் என்று நாளைக்கே செய்தி வந்தால் இதைவிடக் கடுமையாக வலிக்கும், ஆனால் இதைவிடச் சீக்கிரம் ஆறும். இழுத்துக்கொண்டே போவது "ஒருவேளை" என்கிற நப்பாசை.

2010ல் ஃபிஷரின் குழு, காதல் முறிந்தும் விட முடியாமல் இருந்த 15 பேரை ஸ்கேன் செய்தது. கைவிட்டவரின் படத்தைப் பார்த்தபோது அவர்களுக்கும் அதே வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி வேலை செய்தது. கூடவே, கொக்கைன் பழக்கத்தில் இருப்பவருக்கு வெறி எழும்போது கிளர்கிற இடங்களும் சேர்ந்துகொண்டன. ஆள் போய்விட்டால் ஆசை அணைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். எதிர்பார்த்த பலன் தள்ளிப்போனால் மூளை இன்னும் மூர்க்கமாகத்தான் தேடுகிறது. உங்களுக்கு மனஉறுதி இல்லை என்று அண்ணன் திட்டுவாரானால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: முறிந்து நாளாக ஆக, பிணைப்போடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதியில் துடிப்பு குறைந்திருந்தது. அதற்கு அவர்கள் கெடு எதுவும் வைக்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். தினமும் ஒரே பெட்டியில் ஒரே முகம். 1968ல் ராபர்ட் ஜயான்ஸ், அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்றின் மேல் பிடிப்பு வருகிறது என்று காட்டினார். அர்த்தமில்லாத சொற்களுக்கும், தெரியாத முகங்களுக்கும்கூட அது பொருந்தியது. புத்தூரில் ஏறுகிறவளை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டே, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று நீளும் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டி, திருத்தணி மலை கண்ணில் படும் வரைக்கும் பேச்சுக் கொடுக்க என்ன சாக்கு என்று யோசித்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் படபடப்பும் உண்டு. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? அந்தப் படபடப்பே காதலுக்கு உரமாகியிருக்கலாம். 1974ல் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரோனும் கனடாவின் வான்கூவர் அருகே காபிலானோ ஆற்றின் மேல் 230 அடி உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தாள். நம்பரை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் வாங்கிய 16 பேரில் இரண்டே பேர். பயத்தில் அடித்த நெஞ்சை அந்தப் பெண்ணுக்காக அடித்ததென்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சினிமா பார்த்துக் கெட்டுப்போனான் என்று வீட்டில் சொன்னால், அதற்கும் ஒரு பதில். 1992ல் வில்லியம் ஜான்கோவியாக், எட்வர்ட் ஃபிஷர் என்ற இரு மானுடவியலாளர்கள் உலகம் முழுக்க 166 சமூகங்களைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டினார்கள். 147 சமூகங்களில் காதலுக்கான தடயம் கிடைத்தது. சினிமாவே இல்லாத ஊர்கள் அதில் ஏராளம். நம் சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்ததும் தலைவியின் மேனியில் பசலை படர்வதும், உடல் மெலிந்து வளையல் கழன்று விழுவதும் கற்பனை மிகை என்று பள்ளியில் நினைத்திருந்தேன். சாப்பாடு இறங்காமல் இரண்டு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்காமல் வருகிற பையன்களைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

இழை அறுந்ததுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு 1999ல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் டொனடெல்லா மாராஸ்ஸிட்டி செய்த ஆய்வு கொஞ்சம் வெளிச்சம் தரும். அண்மையில் காதலில் விழுந்து, ஒரு நாளில் குறைந்தது நான்கு மணி நேரம் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்த 20 பேரின் ரத்தத்தை எடுத்தார். பூட்டியதை மறுபடி மறுபடி சரிபார்ப்பது, கைகழுவிக்கொண்டே இருப்பது போன்ற ஓ.சி.டி. நோய் உள்ள 20 பேரின் ரத்தத்தையும், இரண்டும் இல்லாத 20 பேரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ரத்தத் தட்டணுக்களில், செரோட்டோனின் என்ற இன்னொரு ரசாயனத்தைக் கடத்தும் புரதம் காதலர்களுக்கும் ஓ.சி.டி.காரர்களுக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அந்தக் காதலர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது அளவு பழைய நிலைக்கு வந்திருந்தது. ரத்தத்தில் தெரிந்தது மூளையிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே நினைப்பு செக்கு சுற்றுவதை நான் தினமும் பார்க்கிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் உங்கள் கவனம் கலையாமல் அவளிடம் நிற்கிறது என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை.

ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் பற்றி யாராவது யூடியூபில் பேசினால் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைப்பது, சுரந்த தாய்ப்பாலை வெளியே வரவைப்பது அதன் பழைய வேலை. பிரசவ வார்டில் ஊசியாகப் போடுவதும் அதைத்தான். அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ப்ரெய்ரி வோல் என்ற எலி இனம் ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் அதே ஜோடியோடு இருக்கும். சூ கார்ட்டர், லாரி யங், டாம் இன்செல் போன்றவர்கள் அதன் மூளையில் ஆக்ஸிடோசினும் வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோனும் ஜோடிப் பிணைப்பை உண்டாக்குவதைக் காட்டினார்கள். "காதல் ஹார்மோன்" என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. 2023ல் ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியே இல்லாதபடி மரபணுவை வெட்டி உருவாக்கிய வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டுப் பாலும் கொடுத்தன. ஒரே ஒரு ரசாயனத்தில் காதலை அடைக்கிற ஆசைக்கு அந்த எலிகளே ஒத்துழைக்கவில்லை.

நெஞ்சு வலி. இது கற்பனை இல்லை. 2011ல் ஈதன் கிராஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்துக்குள் காதல் முறிந்திருந்த 40 பேர். ஒரு தடவை முன்கையில் பொறுக்கக்கூடிய அளவு சூடு வைத்தார்கள், இன்னொரு தடவை பிரிந்துபோனவரின் படத்தைக் காட்டி அந்தப் பிரிவை நினைக்கச் சொன்னார்கள். உடல் வலியை உணரும் பகுதிகளில் சில இரண்டுக்குமே கிளர்ந்தன. பின்னால் 2014ல் வந்த நுணுக்கமான ஆய்வு, இடம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடக்கும் துடிப்பின் வடிவம் வேறு என்று காட்டியது. அதாவது உறவுக்காரர்கள், ஒரே ஆள் அல்ல. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுவது, மூச்சு மேலாகவே ஓடுவது, மார்புத் தசை இறுகுவது எல்லாம் சேர்ந்து அந்தக் கனத்தைக் கொடுக்கின்றன. பாராசிட்டமால் போட்டால் மனவலி குறையும் என்று 2010ல் ஓர் ஆய்வு வந்ததும் அதைப் படித்துவிட்டுத் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு. அதிர்ச்சியில் இதயமே வீங்கும் டாக்கோட்சுபோ என்ற நிலை உண்மையில் உண்டு, 1990ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. உங்கள் வயதில் வாய்ப்பு குறைவு. இருந்தாலும் வலி இடது கைக்கு இறங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, படியேறும்போது கூடினாலோ, காதல் வலி என்று முடிவுகட்டாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

அவளால் எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். வெளியே சொல்வதற்குப் பல மாதம் முன்பே அவள் தனக்குள் பிரிய ஆரம்பித்திருப்பாள். விட்டுப் போகிறவர்களிடம் நான் வழக்கமாகக் காண்பது இது. நீங்கள் முதல் நாள் அழுத அழுகையை அவள் யாருக்கும் தெரியாமல் எப்போதோ அழுது முடித்திருப்பாள். சுபாவமும் ஒரு காரணம். 1987ல் சின்டி ஹேஸனும் ஃபிலிப் ஷேவரும் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் கேள்விகள் வெளியிட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள் 56 சதவீதம், நெருங்கினால் ஒதுங்குகிறவர்கள் 25 சதவீதம், விட்டுப் போய்விடுவாரோ என்ற பதற்றத்திலேயே இருப்பவர்கள் 19 சதவீதம் என்று வந்தது. இந்த மூன்றாவது வகையினர் பிரிவில் அதிகம் அல்லாடுவார்கள். அவள் பதில் போட அரை மணி தாமதமானால் உங்களுக்குக் கை நடுங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டு எதிர்ப்பு. எதிர்த்தால் காதல் கூடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. 1972ல் 140 ஜோடிகளை வைத்து ரிச்சர்ட் டிரிஸ்கால் குழு அதையே சொல்லி, ரோமியோ ஜூலியட் விளைவு என்று பெயரும் வைத்தது. 2014ல் ஏறத்தாழ 400 பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ளாத காதலில் அன்பும் நம்பிக்கையும் குறைந்துதான் இருந்தன. நான் பார்த்த அளவிலும் எதிர்ப்பு காதலை அரித்துத்தான் தின்றிருக்கிறது. இன்னொன்றையும் மனதில் பட்டதால் சொல்கிறேன். 1960ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. அந்த எல்லைக் கோட்டைப் பார்த்து நம் பக்கம் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. தமிழ் மருமகள் வந்து ஆறு மாதத்தில் மாமியாரோடு தெலுங்கில் சண்டை போடுகிற வீடுகள் எத்தனை! மொழி வேறு என்று நீங்கள் முதலில் எழுதியதும், சாதி வேறு என்று பின்னால் ஒட்டியதும் எனக்குப் புரிகிறது. அந்தச் சுவரைத் தாண்டும் பயம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அவள் போனது உங்களைப் பிடிக்காமல்தான் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மறுபடி போய்ப் பேசிப் பார்க்கலாம் என்றும் இதற்கு அர்த்தமில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னதே போதும். அவள் வீட்டுப் பக்கமோ ஸ்டேஷன் பக்கமோ போய் நிற்காதீர்கள்.

என்ன செய்யலாம்? நம் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போவார்கள். (எக்ஸ்ரே எடுக்காமல் போகாதீர்கள் என்று இந்த இடத்தில் டாக்டராகச் சொல்லிவைக்கிறேன்.) எந்தக் கட்டும் எலும்பை ஒட்டவைப்பதில்லை, அசையாமல் வைக்கிறது, ஒட்டுவது எலும்பின் வேலை. போனைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் முறிந்த இடத்தை ஆட்டிப் பார்க்கிறீர்கள். 2012ல் இங்கிலாந்தில் டாரா மார்ஷல் 464 பேரிடம் செய்த ஆய்வில், பிரிந்துபோனவரின் ஃபேஸ்புக் பக்கத்தை நோட்டம் விடுகிறவர்களுக்கு வேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருந்தன. ஆகவே எண்ணை அழித்துவிடுங்கள், பிளாக் செய்யுங்கள். "அவ எப்படிடா இருக்கா?" என்று பொதுவான நண்பரிடம் கேட்பதும் இதில் சேர்த்திதான். பழைய போட்டோக்களை அழிக்க மனம் வராவிட்டால் ஒரு பென்டிரைவில் போட்டு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

மனதுக்குள் செய்ய வேண்டியதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2018ல் அமெரிக்காவில் சாண்ட்ரா லாங்கெஸ்லாக், காதல் முறிந்த 24 பேரிடம் மூன்று வழிகளைச் செய்து பார்த்தார்: பிரிந்தவரின் குறைகளை நினைப்பது, "காதலிப்பதில் தப்பில்லை" என்று தன் உணர்வை ஏற்றுக்கொள்வது, வேறு எதையாவது நினைத்துக் கவனத்தைத் திருப்புவது. மூன்றுக்குமே பிரிந்தவரின் படத்தைப் பார்த்ததும் மூளை சட்டென்று விழித்துக்கொள்வது குறைந்தது. குறைகளை நினைத்தபோது காதல் குறைந்தது, ஆனால் மனம் கசந்தது. கவனத்தைத் திருப்பியபோது மனம் தெளிந்தது, காதல் குறையவில்லை. ஆக காலையில் வேலைக்குப் போகும் முன் அவளிடம் உங்களுக்குப் பிடிக்காதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் உங்கள் கண்ணுக்கு மட்டும். அப்புறம் கவனம் வேண்டிய வேலைக்குப் போங்கள். தனியாகத் தறியில் நிற்பது உங்களுக்கு இப்போது ஆகாத வேலை. கை பழகிப்போனதால் மனதுக்கு முழு விடுமுறை கிடைக்கிறது. நாலு பேரோடு பேச வேண்டிய வேலை எதுவானாலும் பரவாயில்லை, நூல் வாங்கிவருவது, லுங்கி மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்க் கணக்கு முடிப்பது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை. மறக்க மாத்திரை இல்லை. ஆனால் இது மனச்சோர்வு நோயாக மாறியிருந்தால் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் இருப்பது, விடியற்காலையில் விழித்துத் தூக்கமில்லாமல் கிடப்பது, குடி ஏறுவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவது, இதில் எது இருந்தாலும் நேரில் வாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். அரசு சேவை, காசு இல்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள்.

அம்மா சொல்லும் மருந்து வேறு மருந்து. இரண்டு மொழியிலும் இந்தப் புகாரோடு என்னிடம் வருகிறார்கள். மருந்து எடுக்கிறேன் என்று எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து, வயிற்றிலிருந்து வந்தது என்று ஓர் உருண்டையைக் காட்டி அனுப்புவார்கள். உள்ளே போனது என்னவென்று யாருக்கும் தெரியாது. போக வேண்டாம். அம்மாவோடு சண்டையும் வேண்டாம். மகன் இப்படிக் கிடப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி, கல்யாணம். "காதல் கல்யாணத்தில் அன்பு தேயும், பெரியவர்கள் பார்த்துவைத்த கல்யாணத்தில் வளரும்" என்று ஓர் ஆய்வை உங்களிடம் யாராவது நீட்டலாம். 1982ல் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் செய்தது அது. ஐந்து வருடம் தாண்டிய பிறகு கணக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் பின்னால் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சராசரியாக 21 வருடம் சேர்ந்து வாழ்ந்தும் துணைமேல் காதல் குறையவில்லை என்று சொன்ன 17 பேரை பியான்கா அசெவெடோ ஸ்கேன் செய்து 2012ல் எழுதினார். புதுக் காதலர்களுக்குத் துடித்த அதே டோபமைன் பகுதி அவர்களுக்கும் துடித்தது. எனவே யார் பார்த்துவைத்தது என்பதில் காதலின் ஆயுள் இல்லை.

உங்களுக்கு என் பதில்: இப்போது சரி சொல்லாதீர்கள். ஒருத்தியை மறக்க இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வது, வருகிற பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். தினமும் அவளைப் பழைய முகத்தோடு ஒப்பிடுவீர்கள், அவளுக்கும் அது தெரிந்துவிடும். போனை விட்டு, வேலைக்குப் போய், சாப்பாடும் தூக்கமும் சீரான பிறகு, புது ஆளிடம் பேசும்போது அவர் சொல்வது காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழ ஆரம்பித்ததும் பெண் பார்க்கப் போகலாம். அதுவரை பொறுக்கச் சொல்லி வீட்டில் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அம்மாவையும் அண்ணனையும் ஒரு நாள் இங்கே கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன். அம்மாவுக்குத் தமிழ் போதும், அண்ணனுக்குக் கெமிக்கல் சொல்லிக்கொள்கிறேன்.